நுங்கம்பாக்கத்தில் 'கண்டுபிடித்த' கோள்

இந்த எபிசோடை எங்கே தொடங்கலாம்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். நாசாவிலிருந்து தொடங்கலாம், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியிலிருந்து தொடங்கலாம். கடைசியில் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டிலிருந்து தொடங்கிடலாம்னு முடிவு பண்ணேன்.

புயல் நேரத்தில் டிவியில் சொல்வாங்க இல்லையா, 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்'னு? அந்த நுங்கம்பாக்கம்தான். இன்றைக்கு வானிலை ஆய்வு மையம் இருக்கும் அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. அதில் 1792 என்ற ஆண்டும், தமிழ் உட்பட பல மொழிகளில் கல்வெட்டும் இருக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய மெட்ராஸ் வானாய்வகத்தில் கருவி அசையாமல் இருக்கணும்னு நட்ட தூண் அது. அப்போது அங்கே மழையை மட்டும் அளக்கவில்லை. விண்மீன்களையும் அளந்தார்கள்.

1855-ல் அந்த வானாய்வகத்தின் தலைவர், சூரியன் அல்லாத இன்னொரு விண்மீனைச் சுற்றி ஒரு கோள் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்று எழுதி, லண்டன் ராயல் வானியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். எக்ஸோபிளானட், தமிழில் புறக்கோள். அப்படி ஒன்று இருப்பதாக ஒரு வானாய்வகத்திலிருந்து, அளவீடுகளைக் காட்டிச் சொன்ன முதல் அறிவிப்புகளில் ஒன்று நம்ம நுங்கம்பாக்கத்திலிருந்து போயிருக்கு.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கோள் இல்லை.

இன்றைய எபிசோட் இந்த 'இல்லை'யைப் பற்றித்தான். புறக்கோள்களின் வரலாறுன்னா பொதுவா 1995-ல் தொடங்கி நோபல் பரிசில் முடிப்பாங்க. எனக்கு அதுக்கு முன்னாடி இருக்கிற 140 வருஷம்தான் சுவாரசியம். ஏன்னா அந்த 140 வருஷமும் பெரும்பாலும் தப்புகளின் வரலாறு. அந்தத் தப்புகளைச் செய்தவர்கள் யாரும் முட்டாள்கள் கிடையாது.

கேப்டன் ஜேக்கப்பும் இரட்டை விண்மீனும்

அவர் பெயர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். பம்பாய் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த அதிகாரி. இந்தியாவை முக்கோணம் முக்கோணமா அளந்த அந்தப் பெரிய நில அளவைப் பணியிலும் வேலை பார்த்தவர். புனேயில் சொந்தமா ஒரு சின்ன வானாய்வகம் வைத்து இரட்டை விண்மீன்களை அளந்துகொண்டிருந்தார். பிறகு மெட்ராஸ் வானாய்வகத்துக்குத் தலைவராக வந்தார்.

அவர் பார்த்தது 70 ஒஃபியூக்கி என்ற விண்மீன். வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். தொலைநோக்கியில் பார்த்தால் அது ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 88 வருஷம் ஆகும். பூமியிலிருந்து சுமார் 17 ஒளியாண்டு தூரம். விண்வெளிக் கணக்கில் பக்கத்துத் தெரு.

இரண்டு விண்மீன்களுக்கும் இடையிலுள்ள கோணத்தையும் தூரத்தையும் வருஷா வருஷம் அளந்தால், பாதையைக் கணக்கிடலாம். நியூட்டனின் விதி இருக்கு, கணக்கு இருக்கு. ஆனால் 70 ஒஃபியூக்கி கணக்குக்கு அடங்கவில்லை. இருக்க வேண்டிய இடத்துக்கும் அளந்த இடத்துக்கும் நடுவே சின்னச் சின்ன விலகல். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் அந்த அமைப்புக்குள் இருந்து இழுத்தால் இந்த விலகல் சரியாக வரும் என்று ஜேக்கப் கணக்குப் போட்டார்.

இதைக் கேட்டு, 'சும்மா அடிச்சு விட்டிருக்கார்'னு நினைக்காதீங்க. அதுக்கு 9 வருஷம் முன்னாடிதான், 1846-ல், இதே தர்க்கத்தில் நெப்டியூன் கிடைத்தது. யுரேனஸ் கணக்குக்கு அடங்கவில்லை. ஏதோ ஒன்று இழுக்கிறது என்றார் லெ வெரியர். அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே பெர்லினில் அதைப் பார்த்தார்கள். 1844-ல் பெசல், சிரியஸ் விண்மீன் தள்ளாடுகிறது, அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருக்கு என்றார். 1862-ல் அந்தத் துணையும் தொலைநோக்கியில் தெரிந்தது. ஆக, விலகல் இருந்தால் இழுப்பவன் இருப்பான் என்பது அந்தக் காலத்தின் மிக வெற்றிகரமான முறை. ஜேக்கப் அதைத்தான் கையில் எடுத்தார்.

வித்தியாசம் அளவில் இருந்தது. இந்த வேலையில் பயன்படும் அலகு ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியை 3,600 துண்டாக வெட்டினால் ஒரு துண்டு. காலேஜ் ரோட்டில் நின்றுகொண்டு, மெரினா லைட்ஹவுஸ் பக்கத்தில் யாரோ தூக்கிப் பிடித்திருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பாருங்க. அந்த நாணயத்தின் அகலம்தான் ஏறத்தாழ ஒரு ஆர்க் செகண்ட். ஜேக்கப் தேடிய விலகல் அதிலும் ஒரு பின்னம். கண், கை, திருகாணி வைத்த மைக்ரோமீட்டர். காற்று வேற நடுங்கிக்கிட்டே இருக்கும். இதில் பல வருஷத்து அளவீடுகளை, பல பேர் பல தொலைநோக்கிகளில் எடுத்ததை, ஒரே அட்டவணையில் சேர்க்கணும். ஒவ்வொரு மனிதர் கண்ணுக்கும் ஒரு சாய்வு உண்டு. அந்தச் சாய்வுகள் எல்லாம் சேர்ந்து, ஒரு கோள் மாதிரியே தோற்றமளிக்க முடியும்.

1890-களில் அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் ஜாக்சன் சீ என்பவர் அதே விண்மீனை எடுத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருக்கு, அதன் சுற்றுக்காலம் 36 வருஷம் என்றார். 1899-ல் ஃபாரஸ்ட் ரே மோல்ட்டன் என்ற இளைஞர், சீ சொல்லும் பாதையில் அப்படி ஒரு மூன்றாவது பொருள் நிலைத்திருக்கவே முடியாது என்று கணிதத்தால் காட்டினார். சீ கோபத்தோடு பதில் எழுதினார். கோள் மட்டும் கிடைக்கவில்லை. 1943-ல் வேறு இருவர், அதே 70 ஒஃபியூக்கியில், மறுபடியும் ஒரு கோள் என்றார்கள். அதுவும் நிற்கவில்லை. இன்றுவரை அந்த விண்மீனுக்கு உறுதிசெய்யப்பட்ட கோள் எதுவும் கிடையாது.

ஜேக்கப் இதையெல்லாம் பார்க்கவில்லை. உடல்நிலை கெட்டு இங்கிலாந்து போனவர், 1862-ல் புதிய தொலைநோக்கித் திட்டத்தோடு இந்தியாவுக்குத் திரும்பினார். பம்பாயில் இறங்கியது ஆகஸ்ட் 8. புனே போய்ச் சேர்ந்தவர் ஆகஸ்ட் 16-ல் இறந்துவிட்டார். வயது 50 கூட ஆகவில்லை. தன் கோள் பொய்த்துப்போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஒரு லென்ஸின் கதை

அடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

பீட்டர் வான் டி காம்ப். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1937-ல் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் இருந்த ஸ்ப்ரௌல் வானாய்வகத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே பர்னார்ட் விண்மீனைப் படம்பிடிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். நம்மிடமிருந்து 6 ஒளியாண்டு தூரத்தில் உள்ள மங்கலான சிவப்பு விண்மீன் அது. வானத்தில் வேறெந்த விண்மீனும் அவ்வளவு வேகமாக இடம் மாறுவதில்லை. வருஷத்துக்கு 10 ஆர்க் செகண்டுக்கும் மேல்.

கோள் இருந்தால் அந்த ஓட்டம் நேர்கோடாக இருக்காது, லேசாக வளைந்து வளைந்து போகும். அந்த வளைவைப் பிடிக்க வான் டி காம்ப் கால் நூற்றாண்டு காத்திருந்தார். கண்ணாடித் தகடு மேல் கண்ணாடித் தகடு. இரண்டாயிரத்துக்கும் அதிகமான தகடுகள். 1963-ல் அறிவித்தார்: பர்னார்ட் விண்மீனுக்கு ஒரு கோள் இருக்கு, வியாழனைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான நிறை, சுற்றுக்காலம் 24 வருஷம். 1969-ல் ஒரு கோள் இரண்டானது.

அவர் பார்த்த தள்ளாட்டம் எவ்வளவு தெரியுமா? தகட்டில் அளந்தால் ஏறத்தாழ ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. ஆனாலும் உலகம் ஏற்றுக்கொண்டது. பாடப்புத்தகங்களில் வந்தது. அறிவியல் புனைகதைகளில் பர்னார்ட் விண்மீனுக்குக் கப்பல்கள் கிளம்பின.

1973-ல் இரண்டு அடி விழுந்தது. ஜார்ஜ் கேட்வுட், ஹைன்ரிச் ஐக்ஹார்ன் இருவரும் வேறு வானாய்வகங்களின் தகடுகளை எடுத்து அளந்தார்கள். தள்ளாட்டம் இல்லை. இரண்டாவது அடி சொந்த வீட்டிலிருந்து வந்தது. ஸ்ப்ரௌலிலேயே வேலை பார்த்த ஜான் ஹெர்ஷி, வேறொரு விண்மீனின் பழைய தகடுகளை ஆராய்ந்தார். பர்னார்ட் விண்மீன் தாவிய அதே வருஷங்களில் அந்த விண்மீனும் தாவியிருக்கு! இரண்டு விண்மீன்களுக்கும் வானத்தில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான், தொலைநோக்கி. பழைய பதிவுகளைப் பார்த்தால், 1949-ல் லென்ஸைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருந்தார்கள், 1957-ல் லென்ஸைச் சரிசெய்திருந்தார்கள்.

தள்ளாடியது விண்மீன் இல்லை. லென்ஸ்.

இதில் என்னை உலுக்கியது பிழை இல்லை. இத்தனை சின்ன அளவை அளக்கிற யாருக்கும் அது நடக்கும். உலுக்கியது அதற்குப் பிறகு நடந்தது. வான் டி காம்ப் ஒப்புக்கொள்ளவில்லை. 1982-லும் தன் இரண்டு கோள்களுக்காக வாதாடி ஒரு கட்டுரை வெளியிட்டார். நாற்பது வருஷத்துக்கும் மேலான உழைப்பு. அவரை நான் குறை சொல்லலை. எனக்கு அந்த நிலைமை வந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு சத்தியமா தெரியலை.

அவர் 1995 மே மாதம் இறந்தார். சூரியன் மாதிரியான இன்னொரு விண்மீனைச் சுற்றும் உண்மையான கோள் அறிவிக்கப்பட்டது 1995 அக்டோபரில். இடைவெளி ஐந்து மாதம்கூட இல்லை.

என் டாஷ்போர்டில் ஒரு கோள்

இங்கே என் கதை ஒன்று, சுருக்கமா. முன்னாடி ஒரு வேலையில், எங்கள் ஆப்பின் டாஷ்போர்டில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ராஃபிக் சின்னதா ஏறும். ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்லைடு எல்லாம் தயார் பண்ணி, 'நம்ம யூசர்களில் ஒரு குரூப் நடுராத்திரியில் ஆக்டிவா இருக்காங்க'ன்னு மீட்டிங்கில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. மூணு நாள் கழிச்சுத்தான் புரிந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுகிற எங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் அது. அதை எழுதி வச்சதே நான்தான். நான் கண்டுபிடித்த யூசர், நானே.

தப்பைக் கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. 'திங்கட்கிழமை சொல்லணுமா, இல்ல அப்படியே விட்டுடலாமா'ன்னு அந்த ரெண்டு நாள் யோசிச்சேன். பெருமைப்பட ஒண்ணும் இல்லை, ஆனா யோசிச்சேன். கடைசியில் சொல்லிட்டேன். அதனாலதான் ஆண்ட்ரூ லைன் கதையைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

லைன், இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ரேடியோ வானாய்வகத்தைச் சேர்ந்த வானியலாளர். அவர் ஆராய்ந்தது பல்சர்களை. வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சம், கடிகாரம் மாதிரி ரேடியோ துடிப்புகளை அனுப்பிக்கொண்டே சுழலும். பக்கத்தில் ஒரு கோள் இருந்தால் பல்சர் அசையும், துடிப்புகள் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். 1991 ஜூலையில் லைனின் குழு, ஒரு பல்சரைச் சுற்றிக் கோள் இருக்கு என்று நேச்சர் இதழில் அறிவித்தது. சுற்றுக்காலம் ஆறு மாதம்.

ஆறு மாதம். பூமியின் வருஷத்தில் சரியாகப் பாதி. அந்த எண்ணே பலருக்கு நெருடியது.

பல்சரின் துடிப்பு நேரங்களைக் கணக்கிடும்போது, பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் முன்பின்னைக் கழிக்கணும். அதற்குப் பல்சர் வானத்தில் துல்லியமாக எங்கே இருக்கு என்று தெரியணும். அவர்கள் வைத்திருந்த இடம் லேசாகத் தவறு. அதோடு, பூமியின் பாதை முழு வட்டம் இல்லை, கொஞ்சம் நீள்வட்டம் என்பதும் சரியாகக் கணக்கில் சேரவில்லை. இந்த இரண்டும் கூடி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்துபோகும் ஒரு எச்சத்தை விட்டுச் சென்றன. லைன் கண்டுபிடித்த கோள், நம்ம பூமியின் நிழல். என் பேக்கப் ஸ்கிரிப்ட் மாதிரியே.

1992 ஜனவரியில் அட்லாண்டாவில் அமெரிக்க வானியல் கழகத்தின் கூட்டம். லைன் தன் கோளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்தார். கொஞ்ச நாள் முன்புதான் தப்பு அவருக்கே தெரியவந்தது. நூற்றுக்கணக்கான வானியலாளர்கள் உட்கார்ந்திருந்த அரங்கில் எழுந்து, கோள் இல்லை, பிழை எங்களுடையது, எப்படி நடந்தது என்பது இதுதான் என்று விளக்கினார். பேசி முடித்ததும் அரங்கம் கைதட்டியது. சம்பிரதாயத்துக்குத் தட்டிய கைதட்டல் இல்லை அது, நீண்ட நேரம் நிற்காத கைதட்டல்.

கதை இன்னும் முடியலை. அதே கூட்டத்தில் அவருக்குப் பிறகு பேசியவர் அலெக்சாண்டர் வோல்ஷ்சான். அவரும் டேல் ஃப்ரெய்லும் வேறொரு பல்சரைச் சுற்றி இரண்டு கோள்கள் இருப்பதாக அந்த மாதம்தான் நேச்சரில் வெளியிட்டிருந்தார்கள். சுற்றுக்காலம் சுமார் 67 நாள், 98 நாள். பூமியின் வருஷத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எண்கள். பல்சரின் இடத்தையும் தனியாகத் துல்லியமாக அளந்து வைத்திருந்தார்கள். அந்தக் கோள்கள் நின்றன. சூரியக் குடும்பத்துக்கு வெளியே உறுதிசெய்யப்பட்ட முதல் கோள்கள் அவைதான். இறந்துபோன ஒரு விண்மீனைச் சுற்றும் கோள்கள், உயிர் வாழ வாய்ப்பே இல்லாத இடம். ஆனால் உண்மையானவை.

பயந்து பின்வாங்கியவர்கள்

இத்தனை பேர் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு ஒரு பயம் வருமில்லையா? அதற்கும் ஒரு விலை இருந்தது.

கனடாவில் புரூஸ் கேம்ப்பெல், கோர்டன் வாக்கர், ஸ்டீவன்சன் யாங் மூவரும் விண்மீன் இடம் மாறுவதைப் பார்க்காமல் வேகத்தை அளந்தார்கள். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி லேசாக நீலப் பக்கம் நகரும், விலகிப் போகும்போது சிவப்புப் பக்கம் நகரும். ஆம்புலன்ஸ் சைரன் கிட்ட வரும்போது ஒரு சத்தம், தாண்டிப் போனதும் வேற சத்தம், அதே டாப்ளர் விளைவு. 1988-ல் காமா செஃபி என்ற விண்மீனுக்கு ஒரு துணை இருக்கலாம் என்று தயங்கித் தயங்கி எழுதினார்கள். 1992-ல், விண்மீனின் சொந்தச் சலனமாகவே இருக்கலாம் என்று பின்வாங்கினார்கள். 2003-ல் வேறொரு குழு கூடுதல் தரவுகளோடு வந்து, கோள் உண்மையிலேயே இருக்கு என்று காட்டியது.

ஆக, வான் டி காம்ப் இல்லாத கோளை விட மறுத்தார். இவர்கள் இருந்த கோளை விட்டுவிட்டார்கள். ரெண்டு பக்கமும் பள்ளம் இருக்கிற பாதை இது.

'சாஃப்ட்வேரில்தான் ஏதோ பக்'

இப்போ 1995. ஜெனீவாவில் மிஷேல் மேயோர் என்ற பேராசிரியர், டிடியே கெலோ என்ற ஆய்வு மாணவர். கெலோவுக்கு அப்போது 28, 29 வயது, கிட்டத்தட்ட என் வயசு. பிரான்சின் ஓத் ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் எலோடி என்ற கருவி. விண்மீனின் வேகத்தை விநாடிக்கு சுமார் 13 மீட்டர் துல்லியத்தில் அளக்கும். அதன் தரவுகளிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் நிரல் எழுதியதில் கெலோவுக்குப் பெரும் பங்கு. மேயோர் வெளியூரில் இருந்த நேரம். 51 பெகாசி என்ற சாதுவான விண்மீனின் வேகம் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் மாறியது.

கெலோவுக்கு முதலில் வந்த எண்ணம் 'கோள்' இல்லை. தன் சாஃப்ட்வேரில் பக் இருக்கு என்பதுதான். அதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கார். பக்கைத் தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. மீதமிருந்தது கோள் மட்டும்தான். ஆனால் அதன் சுற்றுக்காலம் 4.2 நாள்! வியாழனில் பாதி நிறை உள்ள ஒரு கோள், நாலு நாளில் ஒரு வருஷம். நம்ம வியாழனுக்கு ஒரு சுற்றுக்கு 12 வருஷம் ஆகும். பெரிய கோள் என்றால் தூரத்தில்தான் இருக்கும் என்பது அன்றைய பாடம்.

அவர்கள் உடனே ஓடிப்போய் அறிவிக்கவில்லை. விண்மீன் சூரியனுக்குப் பின்னால் மறைந்து, ஜூலையில் மறுபடி தெரியும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் ஒரு கணிப்பைத் தயார் பண்ணினார்கள்: கோள் உண்மை என்றால், ஜூலையில் இந்த ராத்திரி இந்த வேகம் இருக்கணும். இருந்தது. அக்டோபர் 6-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் அறிவித்தார்கள். அமெரிக்காவில் ஜெஃப்ரி மார்சி, பால் பட்லர் இருவரும் சில நாட்களுக்குள் தங்கள் தொலைநோக்கியில் பார்த்து உறுதி செய்தார்கள். 2019-ல் மேயோருக்கும் கெலோவுக்கும் இயற்பியல் நோபலில் பாதி.

இதில் ஒரு சோகமும் இருக்கு. 1952-லேயே ஓட்டோ ஸ்ட்ரூவ் என்ற வானியலாளர், பெரிய கோள்கள் விண்மீனுக்கு மிக அருகில் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது, வேகத்தை அளந்தால் பிடித்துவிடலாமே என்று ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார். கோள் குறுக்கே வந்தால் ஒளி மங்கும், அதையும் தேடலாம் என்றார். யாரும் பெரிசா கண்டுக்கவில்லை. மார்சியும் பட்லரும் 1987-லிருந்தே தரவு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் கோளைத் தேடணும்னு அவர்களுக்குத் தோன்றவில்லை. 51 பெகாசி செய்தி வந்த பிறகு பழைய தரவைத் தோண்டினால், சில மாதங்களில் இரண்டு கோள்கள் கிடைத்தன. அது வரைக்கும் ஹார்டு டிஸ்கிலேயே தூங்கியிருக்கு.

உயிர் இருக்கா?

ஸ்ட்ரூவ் சொன்ன அந்த இரண்டாவது வழிதான் பின்னால் வெள்ளத்தைத் திறந்துவிட்டது. 2009-ல் கிளம்பிய கெப்ளர் விண்கலம் ஒன்றரை லட்சம் விண்மீன்களை இமைக்காமல் பார்த்தது. பூமி அளவுள்ள கோள் சூரியன் மாதிரி விண்மீனைக் கடக்கும்போது ஒளி குறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கம்மி. அதையும் பிடித்தது. அந்தத் திட்டத்துக்காக வில்லியம் போருக்கி நாசாவிடம் நாலு முறை நிராகரிக்கப்பட்டு ஐந்தாவது முறை அனுமதி வாங்கினார் என்பது தனி எபிசோடுக்கான கதை. 2025 செப்டம்பரில் உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தொட்டது.

எண்ணிக்கை கூடியதும் கேள்வி மாறியது. 'கோள் இருக்கா' போய், 'அங்கே தண்ணீர் நிற்குமா, உயிர் இருக்குமா' வந்தது. விண்மீனிலிருந்து ரொம்ப கிட்டேயும் இல்லாமல் ரொம்ப தூரமும் இல்லாமல், நீர் திரவமாக நிற்கக்கூடிய பட்டைக்கு வாழத்தகு மண்டலம் என்று பெயர். அங்கேயும் பழைய கதை திரும்ப நடந்தது.

2010-ல் கிளீஸ் 581 என்ற சிவப்புக் குள்ள விண்மீனின் வாழத்தகு மண்டலத்தில் ஒரு கோள் அறிவிக்கப்பட்டது. பெயர் 581 ஜி. கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஸ்டீவன் வோக்ட், அங்கே உயிர் இருக்க 100 சதவீதம் வாய்ப்பு என்பது தன் சொந்த எண்ணம் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். ஜெனீவா குழு தன் தரவில் தேடியது, கிடைக்கவில்லை. 2014-ல் வந்த ஓர் ஆய்வு, 581 ஜி மட்டுமில்லை, அதற்கு முன்பே பிரபலமான 581 டி-யும் கோள் இல்லை, விண்மீனின் காந்தச் செயல்பாடு போட்ட வேஷம் என்றது. விண்மீன் தன்னைத்தானே சுற்ற சுமார் 130 நாள். 581 டி-யின் சுற்றுக்காலமாகச் சொன்னது சுமார் 66 நாள். மறுபடியும் பாதி! லைனின் ஆறு மாதம் ஞாபகம் வருதா?

இப்போது கே2-18பி. 124 ஒளியாண்டு தூரம், பூமியைப் போல இரண்டரை மடங்கு அகலம். இந்தியாவில் படித்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருக்கும் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் அதன் வளிமண்டலத்தைப் பார்த்தது. மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு கிடைத்தன. 2025 ஏப்ரலில், டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதைப் போன்ற ஒரு வாயுவின் தடயமும் இருப்பதாக அறிவித்தார்கள். பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிரிகள்தான் உண்டாக்குகின்றன. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. என் வாட்ஸ்அப் குரூப்பில் 'ஏலியன் கன்ஃபார்ம்'னு ஃபார்வர்டு.

அவர்கள் சொன்ன நம்பிக்கை அளவு மூன்று சிக்மா. தற்செயலாக இப்படி வர ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா கேட்பார்கள். வேறு குழுக்கள் அதே தரவை வேறு முறைகளில் அலசி, அந்தத் தடயம் நிற்கவில்லை என்று எழுதினார்கள். வாதம் ஓடிக்கொண்டிருக்கு. மதுசூதன் குழுவே இன்னும் கண்காணிக்கணும் என்றுதான் சொன்னது. ஃபார்வர்டில் அந்த வரி மட்டும் காணாமல் போய்விட்டது.

நான் இதில் எந்தப் பக்கமும் நிற்கப் போவதில்லை. ஆனால் நுங்கம்பாக்கத்திலிருந்து இதுவரை நடந்து வந்த ஒருவருக்கு, கேட்க வேண்டிய கேள்விகள் கையில் இருக்கு. அந்த எண் பூமியையோ, கருவியையோ, விண்மீனையோ ஞாபகப்படுத்துதா? வேறொரு தொலைநோக்கியில், வேறொரு கணக்கு முறையில் அதே விடை வருதா? அறிவித்தவர் முன்கூட்டியே ஒரு கணிப்பைச் சொல்லி, அது பலிக்கும்வரை காத்திருந்தாரா? தப்பென்று தெரிந்தால் மேடை ஏறிச் சொல்லக்கூடியவரா?

முடிக்கிறதுக்கு முன்னாடி, பர்னார்ட் விண்மீனுக்கு ஒரு முறை திரும்பிப் போயிடலாம். 2018-ல் அங்கே ஒரு கோள் என்றார்கள், சுற்றுக்காலம் 233 நாள். சில வருஷங்களில் அதுவும் விண்மீனின் சொந்தச் சலனம் என்றானது. 2024-ல் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியில் இன்னொன்று, மூன்று நாளுக்குச் சற்று மேலான சுற்றுக்காலம். 2025-ல் ஹவாயில் வேறொரு கருவியோடு, வேறொரு குழு பார்த்தது. அதே கோள், அதோடு இன்னும் மூன்று. மொத்தம் நாலு. எல்லாம் பூமியைவிட நிறை குறைந்த, ஒரு வாரத்துக்குள் சுற்றி முடிக்கிற, சூடான சின்னக் கோள்கள். உயிர் வாழ ஏற்ற இடம் இல்லை.

ஆக, வான் டி காம்ப் நம்பிய விண்மீனுக்குக் கோள்கள் இருக்கு. அவர் சொன்ன கோள்கள் இல்லை. இது அவருக்கு ஆறுதலா இருந்திருக்குமான்னு அடிக்கடி யோசிப்பேன். இருந்திருக்காதுன்னுதான் தோணுது. அவர் சரியான விண்மீனைப் பார்த்துக்கொண்டு, தன் லென்ஸைப் பார்க்காமல் விட்டார்.

அடுத்த தடவை காலேஜ் ரோடு பக்கம் போனா அந்த வளாகத்தை ஒரு முறை பாருங்க. கருவி அசையக் கூடாதுன்னு நட்ட தூண் இன்னும் உள்ளே நிற்குது. 1899-ல் வானியல் வேலையெல்லாம் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒன்று தெரிந்திருக்கு: வானத்தை அளக்கிறதுக்கு முன்னாடி, நீ நிற்கிற இடம் ஆடாமல் இருக்கணும். தெரிந்தும் தப்பு நடந்தது. நமக்கும் நடக்கும்.

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் நான் இன்னும் பதில் போடலை. இந்த எபிசோட் லிங்க்கை அனுப்பிடலாம்னு இருக்கேன். நீங்களும் உங்க குரூப்பில் போடுங்க. நான் சொன்னதில் தப்பு இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோடில் முதல் விஷயமா அதைத்தான் சொல்வேன்.